தைராய்டு கட்டி, வாய்ப்புற்று: அறைக்குள் வந்ததும் கேட்கப்படும் கேள்விகள்

தலை, கழுத்து அறுவை மருத்துவராக வேலை செய்கிறேன். என் வெளிநோயாளிப் பிரிவில் ஒரே நாளில் இரண்டு விதமான ஆட்களைப் பார்ப்பேன். ஒருவர், போன வாரம் எடுத்த ஸ்கேனில் தைராய்டில் 8 மில்லிமீட்டர் கட்டி என்று வந்ததிலிருந்து தூக்கமில்லாமல் இருப்பவர். நாளைக்கே ஆபரேஷன் வேண்டும் என்பார். அடுத்தவர், நாக்கின் ஓரத்தில் நான்கு மாதமாக ஆறாத புண்ணோடு, மருந்துக்கடையில் வாங்கிய ஜெல்லைத் தடவிக்கொண்டு, மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்துவிட்டு வருபவர். முதலாமவருக்கு நேரம் நிறைய இருக்கிறது. இரண்டாமவருக்கு இல்லை. முதலாமவருடைய அவசரத்தில் பாதியை இரண்டாமவருக்குக் கொடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை எழுதுவது அதற்காகத்தான்.

இங்கே இருப்பது பொதுவான விளக்கம். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து, கழுத்தைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதை இதை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

தைராய்டில் கட்டி என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. புற்றாகத்தான் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. தைராய்டில் கட்டி வருவது, அதுவும் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, மிகச் சாதாரணம். நூறு கட்டிகளில் தொண்ணூறு, அதற்கும் மேலேகூட, புற்றில்லாதவை.

முதலில், தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை, அப்புறம் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட். அந்த ரிப்போர்ட்டின் கடைசியில் டைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். கட்டி எவ்வளவு கருமையாகத் தெரிகிறது, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, உள்ளே உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பதையெல்லாம் வைத்துப் போடுகிற எண் அது. எண் கூடக்கூடச் சந்தேகம் கூடும். எண்ணையும் கட்டியின் அளவையும் சேர்த்துப் பார்த்து, தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுப்போம். எஃப்.என்.ஏ.சி. என்று எழுதிக் கொடுப்பது இதைத்தான். அதன் முடிவு பெதஸ்டா என்ற பெயரில் 1 முதல் 6 வரை வரும். 2 என்றால் சாதாரணக் கட்டி. 6 என்றால் புற்று. 3, 4 இரண்டும் நடுவில் நிற்பவை, உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டியவை. 1 என்றால் போதுமான செல் கிடைக்கவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று அர்த்தம். பலர் அதை நல்ல முடிவு என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டைராட்ஸ் 4 என்பது நான்காம் ஸ்டேஜ் அல்ல. அப்படி நினைத்து, குடும்பத்தோடு அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு.

ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்கிறார்களே?

தைராய்டு ஊசியில் அப்படி நடப்பது மிக மிக அரிது. ரத்தம் எடுக்கிற ஊசி அளவுக்குக்கூட அது தடிமன் இல்லை. இந்தப் பயத்தால் ஊசியைத் தவிர்த்து, நேரே அறுவைக்குப் போய், நல்ல சுரப்பியை இழந்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

சரி, புற்றுதான் என்று வந்துவிட்டது. உடனே ஆபரேஷனா?

தைராய்டுப் புற்றில் பெரும்பகுதி பாப்பிலரி என்ற வகை. மெதுவாக வளர்வது. இதில் தென்கொரியா நமக்கு ஒரு பெரிய பாடம். அங்கே மற்றப் புற்றுநோய்ப் பரிசோதனைகளுக்கு வருபவர்கள் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டி தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. 2011-ல் தைராய்டுப் புற்று என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் அசையவே இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராமல் இருந்திருக்கக்கூடிய சின்னச் சின்னப் புற்றுகளைத் தேடிப்பிடித்து, ஆயிரக்கணக்கானவர்களின் கழுத்தைத் திறந்திருக்கிறார்கள்.

ஜப்பானில் கோபே நகரத்து குமா மருத்துவமனை 1993-லேயே வேறு வழியில் போனது. ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கிற, நெறி கட்டாத, மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டாத பாப்பிலரிப் புற்றை அறுக்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வளரவே இல்லை. வளர்ந்த சிலருக்கு அப்போது அறுவை செய்தார்கள். தாமதத்தால் அவர்களுக்கு நஷ்டம் வரவில்லை. இன்று உலகம் முழுக்க இது ஏற்கப்பட்ட முறை.

நம் ஊரில் இதைச் சொன்னால், 'புற்றைக் கழுத்தில் வைத்துக்கொண்டு எப்படி டாக்டர் சும்மா இருப்பது?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தவறாமல் ஸ்கேனுக்கு வர முடியாதவர்களுக்கும், அந்த நினைப்பே தின்றுவிடும் என்பவர்களுக்கும் அறுவைதான் சரி. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை யாரும் சொல்லாமல் மேஜையில் படுக்கவைப்பது சரியில்லை.

மெடுல்லரி, அனபிளாஸ்டிக் என்ற வகைகளுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அவை வேறு நோய் மாதிரி. அனபிளாஸ்டிக்கில் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது.

சுரப்பியில் பாதியை எடுத்தால் போதாதா?

பலருக்குப் போதும். முன்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புற்று என்றாலே முழுச் சுரப்பியையும் எடுப்போம். 2015-ல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டி, சுரப்பிக்குள்ளேயே அடங்கிய, 4 சென்டிமீட்டர் வரையுள்ள, அதிக ஆபத்தில்லாத புற்றுக்கு ஒரு பக்கம் மட்டும் எடுப்பதையும் ஏற்றுக்கொண்டது. மறுபக்கம் இருப்பதால் கால்சியம் குறைகிற தொல்லை இராது. ஒரு பக்கத்துக் குரல் நரம்பைத் தொடவே மாட்டோம். சிலருக்கு மாத்திரைகூடத் தேவைப்படாது.

தழும்பே இல்லாமல் செய்யலாமாமே?

செய்யலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் வருவது பாதிக் கதை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் இருந்த தியோடர் கோக்கர், தைராய்டு அறுவை என்றாலே உயிர் போகும் என்றிருந்த காலத்தில், ரத்தப்போக்கைப் பொறுமையாக அடக்கி, மரண விகிதத்தை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தவர். 1909-ல் நோபல் பரிசு பெற்றார். சட்டைக் காலர் போல முன்கழுத்தில் குறுக்கே இடும் வெட்டு இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அந்த வெட்டு இப்போது சாதாரணமாக 4 முதல் 6 சென்டிமீட்டர். கழுத்து மடிப்பிலேயே இட்டு, உள்தையல் போட்டால், ஒரு வருஷத்தில் பலருக்குத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

1990-களின் கடைசியில் இத்தாலியின் பீசா நகரத்தில் பாவ்லோ மிக்கோலி, அதே இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வெட்டு மட்டும் போட்டு, சிறு கேமராவை உள்ளே விட்டுச் செய்யத் தொடங்கினார். சிறிய கட்டிக்கு நல்ல முறை. பெரிய கழலையை அந்த வழியாக வெளியே எடுக்க முடியாது.

கொரியர்கள் கழுத்தையே விட்டுவிட்டு அக்குள் வழியாகப் போனார்கள். 2007-ன் இறுதியில் சியோலில் ரோபோவை வைத்து அப்படிச் செய்யத் தொடங்கினார்கள். கழுத்தில் கீறல்கூட இருக்காது. ஆனால் அக்குளிலிருந்து கழுத்து வரை தோலுக்கடியில் நீளமாக வழி பிரித்துக்கொண்டு போக வேண்டும். கழுத்தில் இடும் நேர் வெட்டைவிட உள்ளே பிரிக்கிற பரப்பு அதிகம். கையைத் தூக்கிவைக்கும் நிலையால் தோள் நரம்பு இழுபடலாம். இதையும் 'நுண்துளை' என்றுதான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், இதை மறைதழும்பு அறுவை என்று சொல்வதே நேர்மை.

வாய் வழி முறை இன்னும் புதியது. தாய்லாந்தில் பாங்காக்கைச் சேர்ந்த அங்கூன் அனுவோங், 60 பேருக்குச் செய்த அனுபவத்தை 2016-ல் வெளியிட்டார். கீழ் உதட்டைப் புரட்டினால் ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் தெரியும் அல்லவா, அங்கே மூன்று சின்ன வெட்டு. நடுவில் கேமரா, இருபுறமும் கருவிகள். தாடைக்கு மேலாக இறங்கி, கரியமில வாயுவால் தோலைக் கொஞ்சம் உப்பவைத்து, மேலிருந்து கீழாகச் சுரப்பியை அடைகிறோம். வாய்க்குள் ஆறுகிற வெட்டு என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. சில வாரங்களுக்கு மோவாய் மரத்துப்போகலாம். வாய்க்குள் இருக்கும் கிருமி கழுத்துக்குள் போகாமலிருக்க ஆன்டிபயாட்டிக் தருவோம்.

எனக்கு எது பொருந்தும்?

சின்னக் கட்டி, புற்றில்லை அல்லது தொடக்க நிலை, ஏற்கெனவே கழுத்தில் அறுவையோ கதிர்வீச்சோ இல்லை, தழும்பு உங்களுக்கு உண்மையிலேயே முக்கியம்: இப்படியென்றால் வாய் வழியைத் தாராளமாகக் கேளுங்கள். தழும்பைப் பற்றிக் கவலைப்படுவதை நான் அற்பமாக நினைப்பதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கழுத்தைப் பார்த்து, 'என்ன ஆபரேஷன்?' என்று கேட்கிற ஊர் இது. தோலில் கீறல் விழுந்தாலே தடித்துத் தழும்பாகிற உடம்புக்காரர்களும் நம்மிடையே நிறைய.

கழலை நெஞ்செலும்புக்குக் கீழே இறங்கியிருந்தால், கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியிருந்தால், புற்று மூச்சுக்குழாயை ஒட்டியிருந்தால் நேர் வெட்டுதான். அங்கே தழும்பைப் பேரம் பேசக் கூடாது.

மருத்துவரிடம் வெட்டு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் கேளுங்கள். இந்த முறையில் நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்குக் குரலும் கால்சியமும் கெட்டது? கோபப்படாமல் எண்ணைச் சொல்கிறவரிடம் போங்கள்.

குரல் போய்விடுமா?

குரல் நாணை அசைக்கிற நரம்பு, சுரப்பியின் பின்புறத்தை ஒட்டியே மேலேறுகிறது. திறந்து பார்த்தால் வெள்ளை நூல் போல இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன், மேலே மயிரிழையாக ஒரு ரத்தக்குழாய் ஓடும். அதைக் கண்ணால் பார்க்காமல் எதையும் வெட்டக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்படுவது. இப்போது நரம்பைச் சோதிக்கிற கருவியும் இருக்கிறது. மெல்லிய முனையால் தொட்டால், நரம்பு என்றால் 'டக் டக்' என்று சத்தம் வரும். பல வருஷம் கழித்தும், அந்தச் சத்தம் வரும்வரை எனக்கு மூச்சு ஒரு நிதானத்துக்கு வராது.

அனுபவமுள்ள கைகளில் நிரந்தரப் பாதிப்பு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். சில வாரமோ மாதமோ குரல் கரகரத்துப் பிறகு சரியாவது அதைவிடக் கூடுதல்.

இன்னொரு நரம்பு மேலே இருக்கிறது, மேல் ஸ்தாயிக்கானது. அது அடிபட்டால் பேச்சில் ஒன்றும் தெரியாது. பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா அறுவைக்கு முன் என்னிடம், 'மேல் ஷட்ஜம் நிக்கணும் டாக்டர், அதுதான் என் சோறு' என்றார். பாடுகிறவர், பள்ளியில் கத்திப் பாடம் நடத்துகிறவர், சந்தையில் கூவி விற்கிறவர் யாராக இருந்தாலும் தொழிலை முன்கூட்டியே சொல்லுங்கள். அறுவைக்கு முன் குரல் நாண்களைக் கேமரா வைத்துப் பார்த்துப் பதிவுசெய்யவும் சொல்லுங்கள்.

விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும் என்றார்களே, ஏன்?

தைராய்டின் பின்னால், அரிசி, பருப்பு அளவில், பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பவை அவை. பழுப்பு மஞ்சள் நிறம். பக்கத்திலேயே இருக்கும் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே நிறம் என்பதால் பிரித்தறிவது கஷ்டம். ரத்த ஓட்டம் போய்விட்ட ஒன்றைப் பொடிப்பொடியாக நறுக்கி, கழுத்துத் தசைக்குள் விதைத்தது போல வைத்துவிடுவோம். சில வாரங்களில் அது அங்கே பிடித்துக்கொள்ளும்.

முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களுக்கு, இந்தப் பாராதைராய்டுகள் அதிர்ச்சியில் சில நாள் வேலைநிறுத்தம் செய்யும். விரல், உதட்டோரம் மதமதக்கும், கை இழுத்துப்பிடிக்கும். கால்சியம், வைட்டமின் டி மாத்திரையில் பெரும்பாலும் சரியாகும். வீட்டுக்குப் போன பிறகு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே வாருங்கள்.

அன்றே வீட்டுக்குப் போகலாமா?

சில இடங்களில் அனுப்புகிறார்கள். நான் ஒரு ராத்திரி வைத்துக்கொள்கிறேன். அபூர்வமாக, முதல் 24 மணி நேரத்துக்குள் கழுத்துக்குள் ரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை அழுத்தும். அப்போது தையலை அந்த இடத்திலேயே பிரிக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அறுக்காமல், ஊசி விட்டுச் சூடுவைத்துக் கரைக்கிறார்களாமே?

ஆர்.எஃப்.ஏ. என்பார்கள். புற்றில்லை என்று ஊசிப் பரிசோதனையில் உறுதியான, ஆனால் விழுங்க இடைஞ்சலாகவோ கண்ணுக்கு உறுத்தலாகவோ இருக்கிற கட்டிக்கு நல்ல வழி. மரத்துப்போகும் ஊசி மட்டும் போதும். ஒரு வருஷத்தில் கட்டி பாதிக்குக் கீழே சுருங்கிவிடும், பெரும்பாலும். மறையாது. நெஞ்சுக்குள் இறங்கிய கழலைக்கு இது உதவாது.

ரேடியோ அயோடின் எல்லாருக்கும் உண்டா?

இல்லை. முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களில், நோய் பரவும் வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்களுக்கு மட்டும். மருந்தாக விழுங்குவது. தைராய்டு செல்தான் உடம்பில் அயோடினைத் தேடி உறிஞ்சும், அந்தக் குணத்தையே பயன்படுத்தி மிச்சமிருக்கும் செல்லை அழிக்கிறோம். 8 நாளுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். அளவு கூடுதலாக இருந்தால் சில நாள் தனியறை. முன்னதாக ஒன்றிரண்டு வாரம் அயோடின் சேர்க்காத உப்பைத்தான் பயன்படுத்த வேண்டும், கடல் மீன் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் தரவே கூடாது.

மாத்திரை வாழ்நாள் முழுக்கவா?

முழுச் சுரப்பியையும் எடுத்தால் ஆம். ஆனால் அது வெளிமருந்து என்பதைவிட, உங்கள் சுரப்பி செய்துகொண்டிருந்ததையே வெளியிலிருந்து தருவது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. டி.எஸ்.ஹெச். கட்டுக்கு வரவில்லை என்று வருபவர்களில் பாதிப் பேரிடம் குற்றவாளி ஃபில்டர் காபிதான். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். நாள் தள்ளிப்போனால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், கர்ப்பத்தில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இனி வாய்க்கு வருவோம். எந்தப் புண்ணுக்குப் பயப்பட வேண்டும்?

சாதாரண வாய்ப்புண் வலிக்கும், பத்துப் பதினைந்து நாளில் ஆறும். ஆறாத புண்ணும், வலியே இல்லாத புண்ணும்தான் என்னைப் பயமுறுத்துபவை. மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் யாரிடமாவது வாயைத் திறந்து காட்டியாக வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட மோசமாகச் சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், விழுங்கும்போது காதுக்குள் போகிற வலி, மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், கழுத்தில் வலிக்காத நெறி, இவையும் அப்படியே.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக, செங்குத்தாக, முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிகிறதா? பாக்கு போடுகிறவர்களுக்கு அது மெல்ல மெல்ல இரண்டு விரலாகும், அப்புறம் ஒன்று. காரம் தாங்காது. கன்னத்தைத் தடவினால் உள்ளே கயிறு ஓடுவது போல இருக்கும். ஒருவர், 'இப்பல்லாம் தோசையைக் கிள்ளிக் கிள்ளித்தான் உள்ளே தள்றேன்' என்று சாதாரணமாகச் சொன்னார். இரண்டு வருஷமாக அப்படித்தானாம்.

நான் புகையிலை தொடுவதில்லை. வெறும் பாக்குதான் டாக்டர்.

பாக்கே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையே, புகையிலை சேராத நிலையிலும், மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் வைத்துவிட்டது. தாம்பூலத் தட்டை யாரும் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் தினம் பத்துமுறை வாயில் அடக்குவது வேறு. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லிருந்து தடை இருந்தும், கன்னத்தில் அடக்கிய இடத்திலேயே புண் வந்தவர்களை இன்றும் பார்க்கிறேன்.

திருவனந்தபுரத்தில் 1990-களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-ல் முடிவு வெளியானது. ஒரு டார்ச்சுக்கு இவ்வளவு பலன் தருகிற நோய் வேறு எனக்குத் தெரியாது.

சதை எடுத்து டெஸ்ட் செய்தால் கிளறிவிட்டது போல ஆகாதா?

ஆகாது. அது இல்லாமல் எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது. கிளறுவது என்னவோ, காத்திருக்கிற மாதங்கள்தான்.

ஆபரேஷனா, கரண்ட் வைப்பதா?

கரண்ட் என்று நம் ஊரில் சொல்வது கதிர்வீச்சைத்தான். மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்ச்ச மாட்டார்கள். இந்தப் பெயரைக் கேட்டே ஓடிப்போனவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

நாக்கு, கன்னம், ஈறு என்று வாய்க்குள் வரும் புற்றுக்கு அறுவைதான் முதல் வழி. எடுத்ததைப் பரிசோதித்துவிட்டு, நெறியில் பரவியிருந்தால், புற்றைச் சுற்றி எடுத்த நல்ல சதையின் ஓரம் போதாமல் இருந்தால், ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். தொண்டை, குரல்வளைப் புற்றில் பல நேரம் தலைகீழ். கதிர்வீச்சும் அதோடு வாரம் ஒருமுறையோ மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ சிஸ்பிளாட்டின் மருந்தும் முதலில், அறுவை பிறகு, அதுவும் தேவைப்பட்டால்.

நாக்கில்தானே புண், கழுத்தை ஏன் திறக்க வேண்டும்? அங்கே கட்டியே இல்லையே?

கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் கழுத்து நெறிகளில் செல்கள் போய் உட்கார்ந்திருக்கலாம். வந்தபின் எடுத்துக்கொள்ளலாமா, முன்பே எடுப்பதா என்று பல வருஷம் விவாதம் நடந்தது. அதைத் தீர்த்துவைத்தது நம் நாட்டு ஆய்வுதான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-ல் வெளியிட்டது. தொடக்க நிலை வாய்ப்புற்றில், முதல் அறுவையிலேயே கழுத்து நெறிகளையும் எடுத்தவர்களில் மூன்று வருஷம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து எடுத்தவர்களில் 67.5 சதவீதம். இதற்கு மேல் நான் என்ன சொல்லி வற்புறுத்துவது? தோள் கொஞ்ச நாள் தொய்ந்திருக்கும், உடற்பயிற்சி வேண்டும்.

தாடையை எடுத்துவிட்டால் முகம் என்ன ஆகும்?

காலில் இருந்து எலும்பை எடுத்து வைப்போம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு உண்டு. உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது தடித்த எலும்பு. வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபிபுலாவை, மேலும் கீழும் கொஞ்சம் விட்டு, ரத்தக்குழாயோடும் ஒரு துண்டுத் தோலோடும் எடுக்கலாம். தாடையின் வளைவுக்கு ஏற்றபடி அதை ஆங்காங்கே வெட்டி, தகடு வைத்துப் பொருத்தி, அதன் ரத்தக்குழாயைக் கழுத்து ரத்தக்குழாயோடு நுண்ணோக்கி வைத்துத் தைக்கிறோம். மொத்தம் எட்டுப் பத்து மணி நேரம் பிடிக்கும். அன்று ராத்திரி முழுக்க, மணிக்கு ஒருமுறை நர்ஸ் டார்ச் அடித்து வாய்க்குள் இருக்கும் கால் தோலின் நிறத்தைப் பார்ப்பார். இளஞ்சிவப்பு என்றால் நிம்மதி. நீலம் பாரித்தால் திரும்ப அறுவைக்கூடம். நோயாளி எழுந்து நடக்கப் பெரும்பாலும் சில நாள்தான்.

தொண்டைக்கு ரோபோ, லேசர் என்கிறார்களே?

டான்சில், நாக்கின் அடிப்பகுதி போன்ற எட்டாத இடங்களுக்கு முன்பு தாடையைப் பிளந்துதான் போக வேண்டும். இப்போது சின்னக் கட்டிகளை வாய் வழியாகவே ரோபோக் கையால் எடுக்கலாம். அமெரிக்கா 2009-ல் இதற்கு அனுமதி தந்தது. குரல்வளையின் தொடக்கப் புற்றை லேசரால் எடுக்கலாம். கதிர்வீச்சாலும் அதே அளவு குணம், பத்தில் ஒன்பது பேருக்கு. ஆனால் தாடை, கன்னம் வரை பரவி வரும் புற்றுக்கு ரோபோவால் ஒன்றும் ஆகாது.

குரல்வளையை எடுக்காமல் காப்பாற்ற முடியாதா?

பலருக்கு முடியும். 1991-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, முற்றிய குரல்வளைப் புற்றிலும் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து, உயிருக்குக் கூடுதல் ஆபத்தில்லாமல், 64 சதவீதம் பேருக்கு குரல்வளையை விட்டுவைக்கலாம் என்று காட்டியது. குருத்தெலும்பைத் தின்றுவிட்ட புற்றுக்கு எடுப்பதுதான் பாதுகாப்பு. எடுத்தாலும் பேசலாம். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சிறு வால்வு வைத்து, கழுத்துத் துளையை விரலால் மூடிப் பேசப் பழக்குவோம். முதல் வார்த்தை வெளியே வரும் நாளில் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரையோ பிள்ளை பெயரையோ சொல்வார்கள்.

கரண்ட் வைக்கும் வாரங்கள் எப்படி இருக்கும்?

கஷ்டமாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. முதலில் பல் மருத்துவர். கெட்ட பற்களை முன்னதாகவே எடுத்து, ஆறவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே அரிக்கும். பிறகு சூடான தண்ணீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் பதித்து, ஆளுக்கு ஒரு முகமூடி செய்வார்கள். அதை மாட்டி, மேஜையோடு பூட்டி, அசையாமல் சில நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறிலிருந்து ஏழு வாரம். மூன்றாம் வாரத்தில் வாய் வெந்துபோகும், ருசி போகும். கஞ்சி, கூழ், பிசைந்த இட்லி, மோர், முட்டை. அதுவும் இறங்காவிட்டால் மூக்கு வழிக் குழாய்க்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். எடை குறையாமல் இருப்பதும் சிகிச்சையில் பாதி.

நடுவில் நிறுத்தக் கூடாது. 'பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரத்தில் வருகிறேன்' என்று போகிறவர்களைப் பார்த்து மனசு பதறும். விட்ட நாட்களில் புற்று செல்கள் வேகமாகத் திரும்ப வளர்கின்றன. அந்த வருஷம் பொங்கலை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

திரும்ப வந்துவிட்டால்?

திரும்ப அறுக்க முடியுமா என்று முதலில் பார்ப்போம். முடியாதபோது நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்துகள் உண்டு. முழு அளவில் பல லட்சம் ஆகும். இங்கேயும் டாடா நினைவு மருத்துவமனைதான் வழி காட்டியது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற அந்த வகை மருந்தை, புற்றுக்கான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், இதையும் சேர்த்து எடுத்தவர்களில் 43.4 சதவீதம். 2022-ல் வெளியானது. வலி நிவாரண மருத்துவரை அப்போதே கேளுங்கள், கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

செலவுக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வி.ஏ.ஓ. வழியாக வாங்கும் வருமானச் சான்று மூன்றையும் முதல் நாளே தயார் செய்யுங்கள். சதை ரிப்போர்ட் வரும் நாட்களில் இந்த வேலையை முடித்துவிடலாம். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இரண்டும் இருக்கின்றன. தைராய்டுக்கு என்றால், சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறை உண்டு. நகையை அடகுவைக்கும் முன் இந்த வாசல்களுக்குப் போய் வாருங்கள்.

அப்பாவிடம் புற்று என்று சொல்லாமல் செய்ய முடியுமா?

இந்தக் கேள்வி வாசலுக்கு வெளியேதான் வரும், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு. பாசத்தில் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் அவர் நாக்கு, அவர் கழுத்து. ஏழு வாரம் முகமூடிக்குள் படுக்கப்போவது அவர்தான். ஏன் என்று தெரியாமல் எப்படித் தாங்குவார்?

ஒருமுறை மகன் இப்படிக் கேட்டுவிட்டு, பணம் கட்ட கவுன்ட்டருக்குப் போனார். உள்ளே தனியாக இருந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: 'வெளிய போர்டைப் படிச்சிட்டுதான் டாக்டர் உள்ள வந்தேன். பையன் பயந்த சுபாவம். அவன்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க.'

மகன் ரசீதோடு திரும்பி வந்ததும் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அப்பாதான் கேட்டார், வயல் அறுப்புக்கு முன்னால் ஆபரேஷனை முடித்துக்கொள்ள முடியுமா என்று.